நான்கு வாரத்தில் அயர்லாந்தைப் படிப்பது எப்படி: கோடைக்காலக் கோர்ஸுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் கால்வே நகரில் முதல் வாரம், மூன்றாவது வகுப்பு. 1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைப் பற்றி ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தார். லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டு பஞ்ச நிவாரணத்தைத் தன் கையில் வைத்திருந்த அதிகாரியின் பெயரைப் பலகையில் எழுதினார்: சார்லஸ் டிரெவெலியன். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இவர்தான் 1859-ல் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்தவர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், இன்றைக்கு ரிப்பன் மாளிகையும் நேரு ஸ்டேடியமும் நிற்கிற வட்டாரத்தில் பீப்பிள்ஸ் பார்க்கை அமைத்தவர். புதிய வரிகளை எதிர்த்துக் கல்கத்தா அரசோடு மோதி, பதவிக்கு வந்த அடுத்த வருடமே திருப்பி அழைக்கப்பட்டவர். சென்னையில் அவருக்கு நல்ல பெயர். அயர்லாந்திலோ, மைதானங்களில் ரசிகர்கள் சேர்ந்து பாடும் ஒரு பாட்டில் அவர் பெயர் இன்றும் வசையாக ஒலிக்கிறது.

ஒரே ஆள் எப்படி இரண்டு ஊரில் இரண்டு விதமாக இருந்தார்? இந்தக் கேள்விதான் மிச்சமிருந்த நாட்களை எனக்கு வழிநடத்தியது. அதனால் இந்த வழிகாட்டியை விசாவிலிருந்தோ விமான டிக்கெட்டிலிருந்தோ நான் தொடங்கப்போவதில்லை.

படி 1: ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள்

நான்கு வாரம் என்றால் வகுப்புக்கு இருபது நாள்தான் கிடைக்கும். அதற்குள் 5,000 வருடப் பழைய நியூகிரேஞ்ச் கல்லறையும் வரும், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சியும் வரும், கவிதையும் இசையும் பிரெக்ஸிட்டும் வரும். எல்லாவற்றையும் சமமாகப் பிடிக்கப் போனால் எதுவும் கையில் நிற்காது. ஒரு கேள்வி இருந்தால் வருவதெல்லாம் தானாக அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

சில கேள்விகளைச் சொல்கிறேன். ஐரிஷ் மொழிதான் அந்த நாட்டு அரசியலமைப்பின்படி முதல் ஆட்சிமொழி. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அது தங்களுக்குத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 72,000 பேர்தான். ஒரு நாடே கைவிடாத மொழி, வீட்டுப் பேச்சிலிருந்து ஏன் நழுவியது? மொழிக்காகப் போராடிய ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதைவிட நல்ல கேள்வி அமையாது.

இன்னொன்று, கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியிலிருந்த சமூகம் எப்படி இவ்வளவு வேகமாக மாறியது என்பது. விவாகரத்துக்கே 1995-ல்தான் மக்கள் வாக்கெடுப்பில் வழி பிறந்தது. இருபது வருடம் கழித்து, 2015-ல், ஒருபாலினத் திருமணத்தை 62 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2018-ல் கருக்கலைப்புத் தடையை 66 சதவீதம் பேர் சேர்ந்து நீக்கினார்கள். அந்தக் கடைசி மாற்றத்துக்குப் பின்னால் நம் நாட்டுப் பெண் ஒருத்தியின் மரணம் இருக்கிறது. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் கால்வேயில் இறந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும் அவர் கேட்ட கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. அவர் படத்தை ஏந்தித் தெருவில் இறங்கியவர்களின் ஊரில் உட்கார்ந்து இந்தப் பாடத்தைக் கேட்பது மனதைப் பிசையும்.

தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி வேண்டுமானால், பாரதியார் குருவாகக் கொண்டாடிய நிவேதிதா தேவி 1867-ல் டைரோன் கவுண்டியின் டங்கேனனில் பிறந்தவர். அடையாறில் வாழ்ந்து, 1917-ல் இந்திய மாதர் சங்கம் உருவாக உழைத்த மார்கரெட் கசின்ஸ் ராஸ்காமன் கவுண்டியின் பாயில் ஊர்க்காரர். காலனி ஆட்சியைத் தங்கள் ஊரிலேயே கண்டவர்கள் இங்கே வந்து என்ன பார்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போகலாம்.

படி 2: கேள்விக்கு ஏற்ற கோர்ஸைத் தேடுங்கள்

கோடைக்காலப் படிப்புகள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும். அவற்றில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொதுவான ஐரிஷ் ஸ்டடீஸ். வரலாறு, இலக்கியம், சமூகம், தொல்லியல், இசை என்று எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுவார்கள். கால்வே பல்கலைக்கழகமும் யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளினும் இதில் தெரிந்த பெயர்கள். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகமும் நடத்துகிறது. ஆனால் அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். விசா கதையே வேறு.

இரண்டாவது வகை, ஒரே பொருளில் மூழ்குபவை. ஸ்லைகோவில் 1960 முதல் நடக்கும் யேட்ஸ் கோடைப்பள்ளி கவிதைப் பிரியர்களுக்கானது. கிளேர் கவுண்டியின் மில்டவுன் மால்பேயில் 1973 முதல் ஜூலை மாதம் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப்பள்ளி மரபிசைக்கானது. அந்த ஒரு வாரம் ஊர் முழுக்க ஃபிடிலும் குழலும்தான். மூன்றாவது வகை மொழி. டோனிகாலின் கிளென் கோலம்கில்லில் 1984-ல் தொடங்கிய ஐடியாஸ் கேல், பெரியவர்களுக்கு ஐரிஷ் கற்றுத்தரும் இடம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது முதல் வகையைத்தான். ஊரில் கால்வேதான் என் தேர்வு. டப்ளினில் அருங்காட்சியகங்கள் கொட்டிக் கிடக்கின்றன, தேசிய அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் நகரம் பெரிது, மாணவர்கள் ஆளுக்கொரு மூலையில் சிதறிப்போவார்கள். கால்வேயை நடந்தே அளந்துவிடலாம். ஒரு பஸ் பிடித்தால் ஐரிஷ் பேசும் கொனமாரா. இன்னொரு பஸ்ஸும் படகும் பிடித்தால் ஆரன் தீவு. ஜூலைக் கடைசியில் குதிரைப் பந்தய வாரம் வரும்போது மட்டும் அறை வாடகை எகிறிவிடும். கோர்ஸ் முடிந்து சில நாள் தங்கும் எண்ணம் இருந்தால் அந்தத் தேதிகளை ஒரு தடவை சரிபாருங்கள்.

கோர்ஸின் விவரப் பக்கத்தில் வெளியூர்ப் பயணங்களின் பட்டியலை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அதற்கான வகுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது கல்விச் சுற்றுலா. அதற்கு இவ்வளவு பணம் கட்டத் தேவையில்லை.

படி 3: கிரெடிட், கட்டணம், தங்குமிடம்

ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். கோடைக் கோர்ஸில் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கு. அதை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை போதாது. கிரெடிட் தேவையில்லை என்றால் அதைச் சொல்லிச் சேர முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் கட்டணம் குறையும்.

தங்குமிடத்தை கோர்ஸ் மூலமாகவே எடுங்கள். அயர்லாந்தில் வாடகை வீட்டுக்கு இருக்கும் தட்டுப்பாடு அந்நாட்டு அரசியலையே ஆட்டி வைக்கிற விஷயம். இணையத்தில் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் நிறைய. மாணவர் விடுதியில் தனி அறையும் பொதுச் சமையலறையும் இருக்கும். நாலு நாட்டுப் பிள்ளைகள் ஒரே அடுப்பில் சமைக்கும்போது வகுப்பில் வராத பேச்செல்லாம் அங்கே வரும்.

படி 4: விசா

இதை நிதானமாகப் படியுங்கள். அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி விசா அங்கே செல்லாது, அயர்லாந்து விசா அங்கேயும் செல்லாது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா கட்டாயம். 90 நாளுக்கு உட்பட்ட படிப்புக்கு 'சி' வகைக் குறுகியகால விசா. ஒரு தடவை நுழைய 60 யூரோ, பல தடவை நுழைய 100 யூரோ.

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வரப் பல வாரம் ஆகும். ஜூன் நடுவில் கோர்ஸ் என்றால் மார்ச் மாதமே காகிதங்கள் தயாராக இருக்கட்டும். முதலில் அயர்லாந்து குடிவரவுத் துறையின் இணையதளத்தில் படிவத்தை நிரப்புங்கள். கடைசியில் ஒரு சுருக்கப் பக்கம் வரும். அதை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட்டோடும் மற்ற ஆவணங்களோடும், விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையத்தில் கொடுக்க வேண்டும். சென்னையிலும் மையம் இருக்கிறது.

சேர்க்கைக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, தங்குமிட உறுதி, மருத்துவக் காப்பீடு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், இப்போது எங்கே படிக்கிறீர்கள் அல்லது வேலை பார்க்கிறீர்கள் என்பதற்கான கடிதம் எல்லாம் வேண்டும். தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். வங்கிக் கணக்கில் திடீரென்று ஒரு பெருந்தொகை வந்து விழுந்திருந்தால், அது நகைக்கடனா, அப்பாவின் பி.எஃப் பணமா என்று காகிதத்தோடு விளக்குங்கள். விளக்காத பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். எந்த நாடாவது முன்பு உங்களுக்கு விசா மறுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நீங்களே எழுதும் விண்ணப்பக் கடிதம். ஏன் இந்தக் கோர்ஸ், ஏன் இப்போது, முடித்துவிட்டு ஊரில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு பக்கம். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கடிதத்தைப் படித்தவுடனேயே கண்டுபிடித்துவிடலாம். படி 1-ல் முடிவு செய்த கேள்வி இங்கே கைகொடுக்கும்.

இந்த விசாவில் சம்பள வேலை எதுவும் பார்க்கக்கூடாது.

பலரும் சறுக்குகிற இடம் வட அயர்லாந்து. எல்லையில் செக்போஸ்ட் இல்லை. பஸ் நிற்காமல் போகும், சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவதுதான் அடையாளம். ஆனால் சட்டப்படி அது பிரிட்டிஷ் மண், அதற்கு பிரிட்டிஷ் விசா வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தோழி, வட அயர்லாந்தின் டெரி நகருக்குப் போகும் பயணத்தன்று காலையில் பையோடு வந்து நின்ற பிறகுதான் தன் விசா போதாது என்று தெரிந்துகொண்டாள். எங்கள் பஸ் கிளம்பும்போது அவள் விடுதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டு விசா ஏற்பாடு இருக்கிறது. உங்கள் விசாவில் அதன் சுருக்கெழுத்தான 'பி.ஐ.வி.எஸ்' அச்சாகி இருந்தால் மட்டுமே வடக்கே போகலாம். இல்லையென்றால் தனி பிரிட்டிஷ் விசாவும், திரும்பி வர பல தடவை நுழையும் ஐரிஷ் விசாவும் தேவை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குக் கூட்டு ஏற்பாடு கிடையாது.

விமானத்துக்கு துபாய், அபுதாபி, தோஹா வழிதான் தலைவலி இல்லாத வழி. லண்டன் வழியாகப் போனால் டிரான்சிட் விசா தேவைப்படுமா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். சேர்க்கைக் கடிதத்தையும் காப்பீட்டையும் கைப்பையில் வையுங்கள். டப்ளின் விமான நிலையத்தில் அதிகாரி கேட்பார்.

படி 5: வீட்டிலிருந்தே பாதியைப் படித்துவிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். காசு செலவில்லை, பலனோ அதிகம்.

1901, 1911 ஆண்டுகளின் அயர்லாந்து மக்கள்தொகைப் படிவங்களை அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நீங்கள் தங்கப்போகும் ஊரில் ஒரு தெருவை எடுத்து, வீடு வீடாகப் பாருங்கள். குடும்பத் தலைவர் கைப்பட எழுதிய படிவம். பெயர், வயது, மதம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவாரா என்று கட்டங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் பாட்டிக்கு ஐரிஷ் தெரியும், எழுதத் தெரியாது. பேரப்பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும், ஐரிஷ் தெரியாது. மொழி நழுவிய கதை ஒரே தாளில் இருந்தது. அங்கே போனதும் அந்தத் தெருவைத்தான் முதலில் தேடிப் போனேன்.

1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய கதை, கைவைத்தியம், பேய்க்கதை எல்லாம் டூகஸ் என்ற இணையதளத்தில் படிக்கக் கிடைக்கின்றன. பஞ்சத்தைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய பக்கங்களைப் படியுங்கள். 1845-லிருந்து 1852 வரை ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறினார்கள். உருளைக்கிழங்கு நோயில் அழுகிக்கொண்டிருந்தபோதே துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. 1841-ல் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகையை இன்றுவரை அது திரும்ப எட்டவில்லை. நம் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரமாகத் தெரியாது.

அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவையும் படியுங்கள். பெண் வீட்டுக்குள் இருந்து ஆற்றும் பணியைப் பற்றி 1937-ல் எழுதிய வரி இன்னும் அப்படியே இருக்கிறது. 2024 மார்ச்சில் அதை மாற்றக் கேட்ட வாக்கெடுப்பு தோற்றுப்போனது. 2018-ல் கருக்கலைப்புத் தடையை நீக்கிய மக்கள் இதை ஏன் நிராகரித்தார்கள் என்று வகுப்பில் கேளுங்கள். ஒரு மணி நேரம் போதாது.

கொஞ்சம் ஐரிஷும் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் புதிராக இருக்கும் சில விஷயங்கள் நமக்குச் சட்டென்று பிடிபடும். ஐரிஷில் 'வைத்திருக்கிறேன்' என்பதற்கு நேரான வினைச்சொல் கிடையாது. 'டா லௌவர் அகம்' என்றால் 'என்னிடம் புத்தகம் இருக்கிறது'. பசியையும் 'நான்' என்று தொடங்கிச் சொல்வதில்லை. பசி என்மேல் இருக்கிறது என்பார்கள். நமக்கு 'எனக்குப் பசிக்கிறது' மாதிரி. ஆமாம், இல்லை என்பதற்கும் தனிச் சொல் இல்லை. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்று வினையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வினைச்சொல் மட்டும் நமக்கு வாக்கியத்தின் கடைசியில், அவர்களுக்கு முதலில். வகுப்பில் எல்லோரும் முழித்தபோது எனக்கு இது அம்மா பேசுகிற மாதிரி இருந்தது.

பெயர்களைப் படிக்கவும் பழகுங்கள். ஆங்கில எழுத்துகளை அப்படியே கூட்டிப் படித்தால் 'சியோபான்' என்று வரும் பெயர் உண்மையில் ஷிவோன். 'நியாம்' என்று தோன்றுவது நீவ்.

படி 6: மூட்டை கட்டுதல்

ஜூலையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் ஊரே கொண்டாடும். மழை எந்த நேரமும் வரும், காற்றோடு வரும். குடை திரும்பிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். பிளக் பிரிட்டனில் உள்ள மாதிரி மூன்று செவ்வக முனை. நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கொண்டுபோகாதீர்கள், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பறிமுதல்தான். ரசப்பொடி, பருப்புப்பொடிக்குத் தடையில்லை. சைவர்கள் சோடா ரொட்டியிலும் ஓட்ஸ் கஞ்சியிலும் உருளைக்கிழங்கிலும் பிழைத்துக்கொள்ளலாம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தூக்கம் வர ஒரு கண்பட்டை உதவும்.

படி 7: அங்கே போனபின்

வகுப்பில் பேசுங்கள். ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பேசாமல் இருந்தால்தான் தயாராகாமல் வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் நாக்கு கூசும். முதல் வாரத்தோடு அது சரியாகிவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லுங்கள், அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

ஒரு மாலையாவது பப்பில் நடக்கும் இசை அமர்வுக்குப் போங்கள். குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு ஜூஸோடு உட்காரலாம். இசைக்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி, முகத்தை உள்பக்கம் திருப்பி வாசிப்பார்கள். நமக்காக மேடை போட்ட கச்சேரி இல்லை அது. அந்த வட்டத்துக்குள் நாற்காலியை இழுத்துப் போடாதீர்கள், கேட்காமல் போனை நீட்டாதீர்கள்.

நான் போன இரவில் ஃபிடிலும் குழலும் ஓய்ந்த ஒரு இடைவெளியில், மூலையில் இருந்த வயதான பெண்மணி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். துணைக்கு எந்தக் கருவியும் இல்லை. ஷான்-நோஸ் என்பார்கள், பழைய முறை என்று பொருள். பக்கத்தில் இருந்தவர் மெல்ல அவர் கையைப் பிடித்து, பாட்டின் ஓட்டத்துக்கு ஏற்ப வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். பீர் ஊற்றிக்கொண்டிருந்த பையன் குழாயை நிறுத்திவிட்டு நின்றான். அவ்வளவு கூட்டத்தில் ஒரு கிளாஸ் சத்தம் இல்லை. ஒரு சொல்லும் புரியாமல் எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ஊரில் ஒப்பாரி பாடும்போது பக்கத்துப் பெண் தோளைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

ஹர்லிங் ஆட்டம் ஒன்றையும் பாருங்கள். சாம்பல்மரக் கட்டையால் சிறிய பந்தைக் காற்றிலேயே அடித்து விரட்டுவார்கள். டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் 82,300 பேருக்கு இடம் உண்டு. அங்கே ஆடும் வீரர்களுக்கு ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. வார நாளில் ஆசிரியர், விவசாயி, தச்சர். 1920 நவம்பர் 21-ல் அதே மைதானத்தில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனின் பெயரில்தான் அங்கே ஒரு ஸ்டாண்ட் இருக்கிறது.

வார இறுதிகளில் உங்கள் கேள்வி எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே போங்கள். எனக்கு அது ராஸ்காமனில் உள்ள ஸ்ட்ரோக்ஸ்டவுன் பஞ்ச அருங்காட்சியகம். 1847-ல் அந்தப் பண்ணையிலிருந்து 1,490 குத்தகைக்காரர்களை டப்ளின் வரை நடக்கவைத்து, கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். மொழிதான் கேள்வி என்றால் ஆரன் தீவுகளில் ஒன்றான இனிஷ்மோர். பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் கொட்டி மண்ணையே உண்டாக்கியவர்களின் ஊர் அது. டூன் எங்கஸ் கோட்டையின் செங்குத்து விளிம்பில் தடுப்பு கிடையாது, காற்றடிக்கும் நாளில் தள்ளியே நில்லுங்கள்.

படி 8: கட்டுரையும் சான்றிதழும்

கடைசி வாரத்தில் ஒரு கட்டுரை கேட்பார்கள். தினமும் இரவு அரைப்பக்கம் எழுதி வைத்திருந்தால் அது பாதி முடிந்த மாதிரி. எடுத்தாண்ட ஒவ்வொரு வரிக்கும் மூலம் சொல்லுங்கள், இதில் அவர்கள் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மதிப்பெண் சான்றிதழை நேரடியாக உங்கள் கல்லூரிக்கே அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள். ஊர் வந்தபின் மின்னஞ்சலில் துரத்துவது அலுப்பு.

என் கட்டுரை டிரெவெலியனைப் பற்றியதுதான். அயர்லாந்துப் பகுதியை எழுதி முடித்தேன். சென்னைப் பகுதிக்கு ஆதாரம் போதவில்லை என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார். 1859, 1860 வருடக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கவேண்டும். அனுமதிக் கடிதத்துக்குக் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.